உலக பேட்டன்ட் என்று ஒன்று இல்லை!

பொங்கல் விடுமுறைக்கு எங்கள் ஊர் ஏரியூருக்குப் போயிருந்தேன். பெங்களூரில் சாப்ட்வேர் வேலை பார்ப்பவன் ஊருக்கு வந்தால் என்ன நடக்கும் என்று உங்களுக்குத் தெரியும். பிரின்டர் வேலை செய்யவில்லை, பாஸ்வேர்டு மறந்துவிட்டது என்று ஆளுக்கொரு கேள்வியோடு வருவார்கள். எங்கள் தெருமுனையில் வெல்டிங் பட்டறை வைத்திருக்கும் அண்ணனும் வந்தார். அவர் கேள்வி மட்டும் வேறு மாதிரி இருந்தது.

"தம்பி, உலகம் முழுக்க செல்லுற பேட்டன்ட் ஒரே தடவை பணம் கட்டினா வாங்கித் தர்றாங்களாம். ரெண்டு லட்சம் கேக்குறாங்க. நகையை வச்சுக் கட்டிடலாமான்னு பாக்குறேன். நீ கம்ப்யூட்டர் படிச்சவன், இது நெசமா?"

மகளின் படிப்புக்காக அவர் அப்போதுதான் புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியிருந்தார். அதில் ஏதோ தேடும்போது வந்த விளம்பரம் அது. கடலைச் செடியிலிருந்து காயைப் பிரித்தெடுக்கும் ஒரு சிறிய மோட்டார் இயந்திரத்தை அவர் பட்டறையில் செய்திருக்கிறார். பத்துப் பெண்கள் உட்கார்ந்து ஆய்கிற வேலையை அது செய்கிறது. ஆகவே அவர் கேட்டதில் தப்பில்லை. விளம்பரத்தில்தான் தப்பு.

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியிருக்கும் வாசகர்கள் பலரும் இப்படிப்பட்ட விளம்பரங்களைப் பார்ப்பீர்கள். சொந்தமாக ஒரு கருவியோ ஆப்ஸோ செய்திருப்பவர்களும் உங்களில் இருப்பீர்கள். அதனால் வெளிநாட்டில் பேட்டன்ட் வாங்க என்ன வேண்டும், வாங்கியதைக் காப்பாற்ற என்ன வேண்டும் என்பதை இங்கே விளக்குகிறேன். கூடவே என் கருத்தையும் சொல்லிவிடுகிறேன். நம் ஊரில் கண்டுபிடிப்பவர்களில் பெரும்பாலோருக்கு வெளிநாட்டு பேட்டன்ட் தேவையே இல்லை. தேவைப்படும் சிலருக்கோ அதன் விதிகள் தாய்மொழியில் எட்டுவதில்லை. அந்த இடைவெளியில்தான் இந்த விளம்பரக்காரர்கள் பிழைக்கிறார்கள்.

பட்டாவும் பேட்டன்டும்

பேட்டன்ட் என்பது கிட்டத்தட்ட நிலப் பட்டா மாதிரி. ஏரியூரில் உள்ள நிலத்தின் பட்டாவைக் காட்டி, ஆற்றுக்கு அக்கரையில் மேட்டூர்ப் பக்கம் நிலம் கேட்க முடியுமா? அதுபோல இந்திய பேட்டன்ட் இந்தியாவுக்குள் மட்டும் செல்லும். அமெரிக்காவில் உரிமை வேண்டுமென்றால் அமெரிக்காவிலும், ஜப்பானில் வேண்டுமென்றால் ஜப்பானிலும் தனித்தனியாக வாங்க வேண்டும். ஒவ்வொரு நாடும் தன் சட்டப்படி தானே பரிசோதித்துத்தான் கொடுக்கும்.

இதற்கு நம் தமிழ்நாட்டிலேயே நல்ல உதாரணம் உண்டு. ஒன்றுக்கு மேற்பட்ட சிம் கார்டு போடும் மொபைல் போனுக்காக மதுரைக்காரர் ஒருவர் 2002-ல் விண்ணப்பித்து, 2008-ல் இந்திய பேட்டன்ட் பெற்றார். அதை வைத்து, வெளிநாட்டிலிருந்து வரும் டூயல் சிம் போன்களைத் தடுக்கும்படி சுங்கத் துறையில் புகார் செய்தார். போன்கள் சுங்கத்தில் நின்றன. பெரிய கம்பெனிகள் கோர்ட்டுக்குப் போயின. கடைசியில் 2012-ல், அப்போது சென்னையில் இயங்கிய அறிவுசார் சொத்துரிமை மேல்முறையீட்டு வாரியம் அந்த பேட்டன்டை ரத்து செய்தது. (அந்த வாரியமே 2021-ல் கலைக்கப்பட்டுவிட்டது.)

இதில் கவனிக்க வேண்டியவை இரண்டு. முதலாவது, பேட்டன்ட் உயிரோடு இருந்தபோதும் அவரால் இந்திய எல்லையில்தான் போன்களை நிறுத்த முடிந்தது. சீனாவில் தயாரிப்பதையோ துபாயில் விற்பதையோ இந்திய பேட்டன்டை வைத்துத் தடுக்க வழியில்லை. இரண்டாவது, கையில் கிடைத்த பேட்டன்ட் நிரந்தரமல்ல, எதிர்ப்பவர்கள் அதை ரத்து செய்யவும் வைக்கலாம்.

எதிர்ப்பக்கமாகவும் நடந்திருக்கிறது. நோவார்ட்டிஸ் கம்பெனியின் க்ளிவெக் என்ற புற்றுநோய் மருந்துக்குப் பல நாடுகளில் பேட்டன்ட் கிடைத்தது. ஆனால் சென்னை பேட்டன்ட் அலுவலகம் 2006-ல் மறுத்தது. 2013 ஏப்ரல் 1 அன்று சுப்ரீம் கோர்ட்டும் அந்த மறுப்பை உறுதி செய்தது. மற்ற நாடுகள் கொடுத்துவிட்டன என்பதற்காக இந்தியா கொடுக்க வேண்டியதில்லை.

"அப்போ அந்த உலக பேட்டன்ட்?" என்றார் அண்ணன்.

"அப்படி ஒன்னு கிடையாதுண்ணே. இருக்கறது விண்ணப்பம் மட்டும்தான்" என்றேன்.

பிசிடி என்றால் என்ன?

பேட்டன்ட் ஒத்துழைப்பு ஒப்பந்தம் என்பதைச் சுருக்கமாக பிசிடி என்பார்கள். 150-க்கும் மேற்பட்ட நாடுகள் இதில் உள்ளன. இந்தியா 1998 டிசம்பர் 7-ல் சேர்ந்தது. அதன்படி ஒரே விண்ணப்பத்தைப் போட்டு, எல்லா உறுப்பு நாடுகளிலும் வரிசையில் இடம் பிடித்து வைத்துக்கொள்ளலாம். விளம்பரக்காரர்கள் "உலக பேட்டன்ட்" என்று விற்பது இதைத்தான். கால வரிசை இப்படிப் போகும்:

முதலில் இந்தியாவில் விண்ணப்பிக்கிறீர்கள். அந்த நாள் முதல் 12 மாதத்துக்குள் வெளிநாட்டில் நேரடியாகவோ பிசிடி மூலமோ விண்ணப்பித்தால், உங்கள் முதல் தேதியே அங்கும் மதிக்கப்படும். பிசிடி வழியாகப் போனால், முதல் தேதியிலிருந்து 30 மாதத்துக்குள் அமெரிக்கா, ஜப்பான், சீனா போன்ற நாடுகளில் தனித்தனியாக நுழைய வேண்டும். ஐரோப்பிய பேட்டன்ட் அலுவலகத்துக்கு 31 மாதம். அங்கங்கே கட்டணம், அங்கங்கே மொழிபெயர்ப்பு, அங்கங்கே பரிசோதனை. இதை எதுவும் செய்யாமல் விட்டால் பிசிடி விண்ணப்பம் வெறும் காகிதமாகிவிடும்.

ஒரு நல்ல செய்தியும் உண்டு. இந்தியாவைச் சேர்ந்த தனிநபர் விண்ணப்பித்தால், பிசிடியின் சர்வதேசக் கட்டணத்தில் 90 சதவீதம் தள்ளுபடி. இதை எந்த விளம்பரமும் சொல்வதில்லை.

அனுமதி இல்லாமல் வெளியே போகாதீர்கள்

நம் சட்டத்தில் பலருக்குத் தெரியாத விதி ஒன்று இருக்கிறது. 1970-ம் ஆண்டு பேட்டன்ட் சட்டத்தின் 39-வது பிரிவு அது. இந்தியாவில் குடியிருப்பவர், முதலில் இந்தியாவில் விண்ணப்பித்து ஆறு வாரம் காத்திருக்க வேண்டும். அல்லது பேட்டன்ட் அலுவலகத்தில் எழுத்துமூலம் அனுமதி வாங்க வேண்டும். இரண்டும் இல்லாமல் நேராக வெளிநாட்டில் விண்ணப்பித்தால், அதே கண்டுபிடிப்புக்கான இந்திய விண்ணப்பம் கைவிடப்பட்டதாகக் கருதப்படும். இரண்டு ஆண்டு வரை சிறைத் தண்டனைக்கும் சட்டத்தில் இடம் இருக்கிறது.

அமெரிக்கக் கம்பெனிகளுக்கு இங்கிருந்து வேலை செய்யும் என்னைப் போன்ற சாப்ட்வேர் ஆட்களுக்கு இது மிக முக்கியம். கண்டுபிடித்தவர் இந்தியாவில் குடியிருந்தால், கம்பெனி எந்த நாடாக இருந்தாலும் இந்த விதி பொருந்தும். ஆனால் "ஒரு வாரத்தில் அமெரிக்காவில் போட்டுத் தருகிறோம்" என்று சொல்லும் இடைத்தரகர் இதைச் சொல்வாரா?

வெளிநாட்டில் விண்ணப்பித்த விவரத்தை இந்திய அலுவலகத்துக்குப் படிவம் 3 மூலம் தெரிவிக்கவும் வேண்டும்.

யூடியூபில் போட்ட வீடியோ

அண்ணனிடம் எல்லாம் விளக்கிவிட்டு, "இந்த மெஷினை வெளியே யாருக்காவது காட்டினீங்களா?" என்று கேட்டேன்.

பெருமையாக யூடியூபைத் திறந்து காட்டினார். ஏழு மாதத்துக்கு முன்பே வீடியோ போட்டிருக்கிறார். டிரம், பல்லு, மோட்டார் என எல்லாமே தெளிவாகத் தெரிகிறது. ஆயிரக்கணக்கானோர் பார்த்திருக்கிறார்கள்.

எனக்குத் தொண்டை அடைத்தது. பேட்டன்டுக்கு முதல் தகுதி புதுமை. விண்ணப்பிக்கும் நாளுக்கு முன்பே ஊரறிய வெளியான விஷயம் புதுமை ஆகாது. வெளியிட்டது நீங்களே என்றாலும் இதே விதிதான். ஐரோப்பாவில் இது மிகக் கடுமை. இந்தியாவிலும் அரசு அறிவித்த கண்காட்சி, அறிவியல் சங்கத்தில் வாசித்த கட்டுரை போன்ற சில விதிவிலக்குகள் தவிர மன்னிப்பு கிடையாது. ஆனால் அமெரிக்கா, கண்டுபிடித்தவர் தானே வெளியிட்டிருந்தால் ஓராண்டு அவகாசம் தருகிறது. அவருடைய வீடியோவே அவருக்கு எதிரான சாட்சியாகிவிட்டது.

இதைச் சொன்னபோது அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. "நல்ல சேதின்னுதானே தம்பி எல்லாருக்கும் காட்டினேன்" என்றார். அவர் மீது குற்றம் இல்லை. இந்த விதியை அவருக்குத் தமிழில் சொல்ல யாருமே இல்லை.

வாங்குவது ஒரு செலவு, வைத்திருப்பது இன்னொரு செலவு

பட்டா வாங்கினால் போதாது, வரி கட்ட வேண்டும் அல்லவா? பேட்டன்டும் அப்படியே. 20 ஆண்டு என்பது அதிகபட்ச ஆயுள். இடையில் புதுப்பிப்புக் கட்டணம் கட்டாவிட்டால் அதற்கு முன்பே காலாவதியாகிவிடும்.

இந்தியாவில் தனிநபருக்கு ஆன்லைன் விண்ணப்பக் கட்டணம் ரூ.1,600, பரிசோதனைக் கட்டணம் ரூ.4,000. புதுப்பிப்பு மூன்றாம் ஆண்டுக்கானதிலிருந்து தொடங்கும். 6-ம் ஆண்டு வரை ஆண்டுக்கு ரூ.800, அதன்பின் 10 வரை ரூ.2,400, 15 வரை ரூ.4,800, 20 வரை ரூ.8,000. மொத்தம் கூட்டினால் ரூ.76,800. இருபது ஆண்டுகளுக்கு இது தாங்கக்கூடிய தொகை. தவறிவிட்டால் அபராதத்தோடு ஆறு மாதம் அவகாசம் உண்டு. பேட்டன்டைப் பயன்படுத்துகிறீர்களா என்று படிவம் 27-ல் கணக்கும் கொடுக்க வேண்டும். ஆண்டுதோறும் கொடுக்க வேண்டியிருந்ததை 2024-ல் மூன்று ஆண்டுக்கு ஒருமுறை என்று தளர்த்தினார்கள்.

அமெரிக்காவில் மூன்று தவணை. பேட்டன்ட் கிடைத்து மூன்றரை, ஏழரை, பதினொன்றரை ஆண்டுகளில் கட்ட வேண்டும். 2025-ல் உயர்த்தப்பட்ட அட்டவணைப்படி முழுக் கட்டணம் 2,150, 4,040, 8,280 டாலர். மொத்தம் 14,470 டாலர், அதாவது 12 லட்ச ரூபாய்க்கு மேல். சிறு நிறுவனங்களுக்கு 60 சதவீதமும், வருமானம் குறைந்த தனிநபர் போன்ற மிகச் சிறியவர்களுக்கு 80 சதவீதமும் தள்ளுபடி உண்டு. அப்படியும் மூன்று தவணைக்குச் சுமார் 2,900 டாலர் ஆகிவிடும். வக்கீல் செலவு இதில் சேரவில்லை.

ஐரோப்பாவில் விண்ணப்பம் நிலுவையில் இருக்கும்போதே மூன்றாம் ஆண்டிலிருந்து ஆண்டுதோறும் கட்ட வேண்டும். பேட்டன்ட் கிடைத்தபின் எந்தெந்த நாட்டில் வேண்டுமோ அந்தந்த நாட்டுக்குத் தனித்தனியாகக் கட்ட வேண்டும். 2023 ஜூன் முதல், சேர்ந்துள்ள நாடுகளுக்கு மட்டும் ஒரே கட்டணம் கட்டும் ஒருங்கிணைந்த பேட்டன்ட் வசதி வந்திருக்கிறது. ஜப்பான், சீனா போன்ற நாடுகளில் வெளிநாட்டுக்காரர் உள்ளூர் ஏஜென்ட் வைத்தே ஆக வேண்டும். அந்நாட்டு மொழியில் மொழிபெயர்ப்பும் கொடுக்க வேண்டும்.

கட்டாமல் விட்டால் என்ன ஆகும்? 2017-ல் பிள்ளைகள் கையில் சுற்றிய பிட்ஜெட் ஸ்பின்னர் நினைவிருக்கிறதா? சுழலும் பொம்மை ஒன்றுக்கு 1997-ல் அமெரிக்க பேட்டன்ட் வாங்கியிருந்த கேத்தரின் ஹெட்டிங்கர் என்ற பெண்மணி, 400 டாலர் புதுப்பிப்புக் கட்டணம் கட்ட வசதியில்லாமல் 2005-ல் அதைக் கைவிட்டார். பிறகு கடையில் விற்ற ஸ்பின்னர் அவர் வடிவத்திலிருந்து வேறுபட்டது என்று சொல்பவர்களும் உண்டு. வழக்குப் போட்டால் ஜெயித்திருப்பாரா என்பது வேறு விஷயம். வழக்குப் போடும் உரிமையே அவரிடம் இல்லாமல் போனது. அமெரிக்காவிலேயே வாழும் ஒருவருக்கு இந்தக் கதி என்றால், ஏரியூர்ப் பட்டறைக்காரர் எத்தனை நாட்டுக்குத் தவணை கட்ட முடியும்?

சாப்ட்வேர் எழுதுபவர்களுக்கு

வீட்டில் உட்கார்ந்து புரோகிராம் எழுதுபவர்கள் இதைக் கவனியுங்கள். இந்தியச் சட்டத்தின் 3(கே) பிரிவுப்படி வெறும் கம்ப்யூட்டர் புரோகிராமுக்கும் அல்காரிதத்துக்கும் பேட்டன்ட் கிடையாது. இதைத் தளர்த்த 2004 டிசம்பரில் வந்த அவசரச் சட்டத்தின் வாசகத்தை 2005-ல் பாராளுமன்றம் நீக்கிவிட்டது. ஆனால் புரோகிராமால் தொழில்நுட்ப ரீதியில் ஒரு பலன் கிடைத்தால் கதவு முழுவதும் மூடவில்லை. பெரித் அல்லானி என்ற துனிசியாக்காரர் இந்தியாவில் போட்ட விண்ணப்பம் பற்றிய வழக்கில், 2019 டிசம்பரில் டெல்லி ஹைகோர்ட் இதைத்தான் சொன்னது. வெளிநாட்டில் பேட்டன்ட் வாங்க எத்தனை ஆண்டு அலைய வேண்டும் என்பதற்கும் அவரே உதாரணம். அவர் இங்கே விண்ணப்பித்தது 2002-ல்!

நீங்கள் எழுதிய கோடை யாரும் அப்படியே காப்பி அடிக்கக்கூடாது என்பதுதான் கவலை என்றால் பேட்டன்டே வேண்டாம். காப்பிரைட் போதும். எழுதிய அன்றே, பைசா செலவில்லாமல், பெர்ன் ஒப்பந்தத்தில் உள்ள நாடுகள் எல்லாவற்றிலும் அது உங்களுக்கு உண்டு.

உங்கள் கம்ப்யூட்டரிலேயே தேடுங்கள்

பணம் கட்டும் முன் இரண்டு மாலைப்பொழுதுகளை ஒதுக்குங்கள். இன்டர்நெட் இருந்தால் போதும். கூகுள் பேட்டன்ட்ஸ், ஐரோப்பிய அலுவலகத்தின் எஸ்பாஸ்நெட், ஜெனீவாவில் உள்ள உலக அறிவுசார் சொத்துரிமை அமைப்பின் பேட்டன்ட்ஸ்கோப், இந்திய அலுவலகத்தின் இன்பாஸ் ஆகிய நான்கும் இலவசம். உங்கள் கருவியின் பெயரை மட்டும் தட்டாதீர்கள். அது செய்யும் வேலை, அதன் உறுப்புகள் ஆகியவற்றுக்கான ஆங்கிலச் சொற்களை மாற்றி மாற்றிக் கொடுத்துத் தேடுங்கள். படங்களைப் பாருங்கள். சீன மொழி ஆவணம் வந்தால் மொழிபெயர்ப்பு பட்டனைக் கிளிக் செய்திடுங்கள்.

அண்ணனும் நானும் அப்படித் தேடினோம். கடலைக்காய் பிரிக்கும் இயந்திரங்களுக்கு சீனாவிலிருந்து மட்டும் பக்கம் பக்கமாக ஆவணங்கள் வந்தன. பலவற்றின் டிரம் அவருடையதைப் போலவே இருந்தது. ரெண்டு லட்சம் கட்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நான் சொல்லவே தேவைப்படவில்லை.

இன்னொரு எச்சரிக்கை. பிசிடி விண்ணப்பம் 18 மாதம் ஆனதும் இன்டர்நெட்டில் வெளியாகும். உடனே அரசு முத்திரை போல ஒன்றைப் போட்டு, "பதிவுக் கட்டணம் செலுத்துங்கள்" என்று கடிதமும் இமெயிலும் வரும். இவை போலி என்று அந்த ஜெனீவா அமைப்பே பல ஆண்டுகளாக எச்சரித்து வருகிறது. ஏஜென்டைக் கேட்காமல் யாருக்கும் பணம் அனுப்பாதீர்கள். ஏஜென்ட் பதிவு பெற்றவர்தானா என்பதையும் இந்திய பேட்டன்ட் அலுவலகத்தின் வெப்சைட்டில் உள்ள பட்டியலில் பார்த்துக்கொள்ளலாம்.

என் கருத்து

வெளிநாட்டு பேட்டன்ட் யாருக்குத் தேவை? அந்த நாட்டில் பொருளை விற்கப் போகிறவருக்கும், அங்குள்ள கம்பெனிக்கு உரிமத்தை விற்கும் வாய்ப்பு உள்ளவருக்கும் தேவை. இரண்டும் இல்லையென்றால் சான்றிதழை பிரேம் போட்டு மாட்டத்தான் ஆகும். தர்மபுரி, கிருஷ்ணகிரி விவசாயிக்கு விற்கப் போகும் இயந்திரத்துக்கு ஐரோப்பிய பேட்டன்ட் எதற்கு?

அதே சமயம் அரசிடமும் ஒரு கேள்வி இருக்கிறது. இந்தியாவில் பேட்டன்ட் ஆவணங்களை இந்தியிலோ ஆங்கிலத்திலோதான் கொடுக்க வேண்டும். பிசிடி விண்ணப்பங்கள் வெளியிடப்படும் பத்து மொழிகளிலும் தமிழ் இல்லை. சட்டத்தை உடனே மாற்ற முடியாமல் போகலாம். ஆனால் "வீடியோ போடும் முன் விண்ணப்பி" என்ற ஒரு வரியைத் தமிழில் ஒவ்வொரு ஐடிஐயிலும் மாவட்டத் தொழில் மையத்திலும் எழுதி ஒட்ட என்ன தடை? சிறு நிறுவனங்களின் பேட்டன்ட் செலவைத் திருப்பித் தரும் மத்திய அரசுத் திட்டம் இருக்கிறது. சென்னையில் தமிழ்நாடு அறிவியல் தொழில்நுட்ப மாநில மன்றத்தின் பேட்டன்ட் தகவல் மையம் இருக்கிறது. ஏரியூரில் எத்தனை பேருக்கு இவை தெரியும்? தெரிந்திருந்தால் அண்ணன் நகையை எடுத்திருக்க மாட்டார்.

மஞ்சள் காயத்தை ஆற்றும் என்பதற்கு 1995-ல் அமெரிக்காவில் பேட்டன்ட் கொடுத்தார்கள். நம் சிஎஸ்ஐஆர் எதிர்த்துப் போராடி 1997-ல் அதை ரத்து செய்ய வைத்தது. அதன் பிறகு சித்த மருத்துவம் உள்ளிட்ட பாரம்பரிய அறிவையெல்லாம் கம்ப்யூட்டரில் ஏற்றி வெளிநாட்டு அலுவலகங்களுக்குக் காட்டும் மின்நூலகத்தையும் அரசே உருவாக்கியது. முன்னோர் அறிவைக் காக்க இவ்வளவு செய்ய முடிந்தது. இன்று பட்டறையில் வெல்டிங் வைப்பவர் அறிவைக் காக்கவும் முடியும்.

கிளம்பும் அன்று பட்டறைக்குப் போனேன். காய் உடையாமல் இருக்க, பல் வரிசைக்கு அடியில் அண்ணன் புதிதாக ஒன்று சேர்த்திருக்கிறார். அது அந்த வீடியோவில் இல்லை. நாங்கள் தேடியதிலும் கண்ணில் படவில்லை. அதற்கு மட்டும் சென்னை அலுவலகத்துக்கு ஆன்லைனில் தற்காலிக விண்ணப்பம் போடுவது என்று முடிவு செய்தோம். கட்டணம் ரூ.1,600. முழு விவரம் கொடுக்க 12 மாதம் இருக்கிறது. வெளிநாடு வேண்டுமா என்று யோசிக்கவும் அதே 12 மாதம்தான்.

அது என்ன என்று எழுதச் சொல்லாதீர்கள். விண்ணப்ப எண் வரும் வரை மூச்சு விடக்கூடாது என்று சொல்லியிருக்கிறார். நகை வீட்டிலேயே இருக்கிறது.